பூசைக்கு வைத்த வண்டி

ரப்பர் விலை விழுந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அது வரவில்லை. என் தொண்டை பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. மலாயாவில், யோங் பெங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். நான் அங்கே பால்மரம் வெட்டவில்லை. பெட்டிப் பட்டறையில் ரம்பத்தில் நின்றேன். புகை போட்ட ரப்பர் ஷீட்டை அடுக்கிக் கப்பலேற்றும் மரப்பெட்டிகள் அங்கேதான் தயாராகும். ரம்பம் என்றால் கையால் இழுக்கிற ரம்பம் இல்லை. ஒரு இரும்பு மேசை, அதன் நடுவில் ஒரு பிளவு, பிளவில் பாதி மேலே தெரியும்படி ஒரு வட்டத் தகடு. பக்கத்து ரப்பர் ஸ்டோர் இஞ்சினிலிருந்து வரும் தோல் வார் அதைச் சுழற்றும். அந்தச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் எனக்குத் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் எனக்காக வாதாடுவாள்.

அந்த வருடம் பால்வெட்டுக்காரர்களை முதலில் குறைத்தார்கள். பிறகு குடும்பங்களைக் குறைத்தார்கள். தனி ஆண்கள் மட்டும் அரைப் பேருக்கு, அதாவது பாதிக் கூலிக்கு, நிற்கலாம், பெண்டு பிள்ளைகளை ஊருக்குக் கப்பலேற்றிவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. பட்டறையிலும் இஞ்சினிலும் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள், குடும்பத்தோடு லயன் என்கிற வரிசை வீட்டில் இருக்கலாம். பட்டறை இருக்கும்வரை என் மனைவி என்னோடு இருப்பாள். அதை மூடினால் அவள் கப்பலுக்குப் போவாள், நான் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போவேன். அப்போது அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அவளுக்குக் கப்பல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த கப்பலில் ஏறும்போது அவள் மடியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. இறங்கும்போது இல்லை. காய்ச்சல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். மண்ணில் வைத்திருந்தால் போய்ப் பார்க்கலாம், கடலில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. குடும்பங்களை அனுப்புகிறார்கள் என்று லயனில் தெரிந்த அன்று சோற்றைப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க என்ன வேணா செய்யுங்க. என்னை மறுபடி கப்பல்ல மட்டும் ஏத்திடாதீங்க."

"யாரு ஏத்துறது? பட்டறை இருக்குல்ல" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

கொஞ்ச நாளில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் பட்டறைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரத் துரை பேசுவதை எங்களுக்கும் நாங்கள் பேசுவதைத் துரைக்கும் எடுத்துச் சொல்கிறவர். மோசமான மனிதர் இல்லை. ஆனால் நல்ல செய்தி சொல்ல அவரை யாரும் அனுப்புவதில்லை.

"துரை சொல்லுறார், சிங்கப்பூரில ஒரு ஆள் ஆணியே இல்லாத பெட்டி தாறானாம். பல்லுப் பல்லா வெட்டிக் கோத்தது. ஆணிப் பெட்டியில ஷீட்டெல்லாம் கிழியுதெண்டு வாங்கிறவங்கள் முறைப்பாடு. உங்களால அப்பிடிச் செய்ய ஏலுமெண்டால் பட்டறை இருக்கும். ஏலாட்டில் பூட்டுறதுதான்."

"ஏலும்" என்று அவர் பேச்சிலேயே பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஏலும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது. இரண்டு கையின் விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல இரண்டு பலகைகளின் ஓரமும் கோத்துக்கொள்ள வேண்டும். உளியால் வெட்டினால் வரும், அழகாகவே வரும். ஆனால் ஒரு பெட்டி முடிவதற்குள் சிங்கப்பூர்க்காரன் ஒரு லாரி அனுப்பிவிடுவான். ரம்பத்தில்தான் வெட்டியாக வேண்டும். ரம்பத்துக்குக் கண் கிடையாது. பலகையை நான் எங்கே காட்டுகிறேனோ அங்கே வெட்டும். ஒவ்வொரு பல்லுக்கும் கோடு போட்டு, கண்ணால் பார்த்து, கையால் பிடித்துத் தள்ளினால் ஒன்று தடிக்கும், ஒன்று மெலியும். ஆகவே என் கைக்குப் பதிலாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு சட்டம் வேண்டும் என்று புரிந்தது.

மேசையில் ரம்பத்துக்குப் பக்கமாக நேர்கோட்டில் ஒரு தடம் ஓடியது. அதில் வழுக்கி ஓடும்படி மெராந்தி மரக் கட்டை ஒன்றை இழைத்தேன். அதன் மேல் ஒரு பலகையைப் பொருத்தி, அந்தப் பலகையில் இன்னொன்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்துத் திருகாணியை முடுக்கி, மொத்தத்தையும் ரம்பத்துக்குள் தள்ளினேன். ரம்பம் அதில் ஒரு வாய் பிளந்தது. அந்த வாயின் அகலமே உள்ள ஒரு சின்ன முளையை எடுத்து, வாயிலிருந்து அதே அகலம் தள்ளிப் பதித்தேன். அவ்வளவுதான். தடத்தில் ஓடியதால் அதை வண்டி என்று கூப்பிட்டோம்.

பெட்டிப் பலகையை நிறுத்தி, முளையோடு ஒட்டி வைத்து, வண்டியை ஒரு தள்ளு தள்ளினால் ஒரு வெட்டு விழும். அந்த வெட்டைத் தூக்கி முளையின் மேல் மாட்டிவிட்டு மறுபடி ஒரு தள்ளு. அந்த வெட்டையும் தூக்கி முளையில் மாட்டு. பென்சிலும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். முன்னால் விழுந்த வெட்டே அடுத்த வெட்டுக்கு இடம் சொல்லும். அதோடு கோத்துக்கொள்ளும் பலகைக்கு மட்டும் முதல் வெட்டை ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ரம்பத் தகடு மெல்லியதாக இருந்ததால் பல் குச்சி குச்சியாக வந்தது. அதற்கு இஞ்சின்காரர் ஒரு வழி சொன்னார். என்னைவிட மூத்தவர், ஸ்டோர் இஞ்சினுக்கு அவர்தான் தாயும் தகப்பனும். தகட்டின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்த இரும்பு வளையங்களை வைத்துக் கொஞ்சம் கோணலாக மாட்டினார். தகடு ஆடிக்கொண்டே சுற்றியது, ஆடியதால் அகலமாக வெட்டியது.

"கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி ஆடுது பாருங்க தம்பி."

"போகாமலே நீங்க ஆடுறீங்களே, அண்ணே" என்றேன். அவருக்கு என் வாய் பழகிப்போயிருந்தது.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. வண்டி வேலை செய்தது, பல் நுழையவில்லை. முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் உள்ள இடம் ஒரு முடியளவு கூடினால் பல் தடித்துவிடும். ஒரு பல் என்றால் தட்டி நுழைக்கலாம். ஒரு மூலையில் வரிசையாக எத்தனை பல்! ஒவ்வொன்றும் ஒரு முடி கேட்டால் மொத்தமும் முரண்டு பிடிக்கும். முடியளவு குறைந்தால் பெட்டி தொளதொள என்று ஆடும். முளையைப் பிடுங்கினேன், நட்டேன், சீவினேன், மறுபடி பிடுங்கினேன். கோபத்தில் ஒரு வண்டியைச் சுவரில் வீசி உடைத்தேன். அடுத்ததை ஒட்டி முடித்த பிறகு அதைத் தொட எனக்கே பயமாக இருந்தது. அந்த வண்டியில்தான் பொருத்தம் வந்தது. இரண்டு பலகையையும் கையால் அழுத்தினாலே சக் என்று உட்கார்ந்தன.

அந்த மூலையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆணி எங்கங்க?"

"ஆணியே இல்ல."

"ஆணி இல்லாம நிக்குமா?"

"இழுத்துப் பாரு."

இழுத்தாள், கழற்றினாள், மறுபடி கோத்தாள். சோறு கொதித்து வழிந்தது தெரியாமல் அதையே செய்துகொண்டிருந்தாள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

கிராணியாரிடம் சொன்னேன். துரை நேரில் பார்க்க வேண்டும் என்றாராம், ஒரு காலை நேரத்தில் அவர் கண்ணெதிரே பெட்டிகள் உருவாக வேண்டுமாம். "எந்த நாளெண்டாலும் துரைக்குச் சரி. நீர் சொல்லும்" என்றார். ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. பூசைக்கு மறுநாள் காலை, விஜயதசமியன்று, கருவியைக் கையில் எடுத்தால் எந்தக் காரியமும் கைகூடும் என்று எங்களில் யாருக்குத்தான் நம்பிக்கை இல்லை? அன்றைக்கே வைக்கச் சொல்லுங்கள் என்று நானே சொன்னேன். இஞ்சின்காரர் என் முதுகில் தட்டினார். லயன் முழுக்க அது நல்ல யோசனை என்றது.

பூசையன்று காலையில் நானும் இஞ்சின்காரரும் வாழைமரமும் மாவிலையும் வெட்டப் போயிருந்தோம். பட்டறையைக் கழுவிக் கோலம் போடப் பெண்கள் வந்திருந்தார்கள். இழைப்புளி, உளி, கொட்டாப்புளி எல்லாவற்றையும் துடைத்து, சாமி படத்தின் முன்னால் பலகை போட்டு அடுக்குவது அவர்கள் வேலை. நாங்கள் திரும்பி வந்தபோது வண்டி நடுவில் உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம், செம்பருத்தி மாலை. கீழே பலகை ஈரமாக இருந்தது.

"குளிப்பாட்டினியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பின்ன? பழைய சாமானெல்லாம் தொடைச்சா போதும். இது புதுசு. புதுசா வந்ததைக் குளிப்பாட்டாம சாமிகிட்ட வைக்கலாமா? மஞ்சத்தண்ணி ஊத்தித்தான் வெச்சேன்."

தண்ணீர் பட்டால் மரம் ஊதும் என்று எனக்குத் தெரியாதா? பிழைப்பே மரம்தான். ஆனால் சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்த பிறகு அது எனக்கு மரமாகத் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து அதற்கு இன்னொரு பொட்டு வைத்ததைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை தீபாராதனை காட்டும்வரை யாரும் எடுக்கக் கூடாது. அன்று பகலில் தொடங்கிய மழையும் விடவில்லை. மாலையும் சந்தனமுமாக வண்டி அப்படியே இருந்தது.

மறுநாள் தீபாராதனை முடிந்து பூசணிக்காய் உடைத்து, வண்டியை எடுத்து மேசைத் தடத்தில் வைத்தேன். இறங்கவில்லை. வழுக்கி ஓட வேண்டிய கட்டை தடத்தின் வாயிலேயே நின்றது. துரை அதற்குள் வந்து கைகட்டி நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் கிராணியார். வாசலில் லயன் சனம் கூடியிருந்தது. என் மனைவி முன்வரிசையில் நின்றாள். நான் கட்டையை அவசரமாக இழைத்தேன். சீவல் மஞ்சளாக வந்தது. மஞ்சள் தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது.

கட்டை ஒரு வழியாக ஓடியது. பலகையை நிறுத்தி வெட்டினேன். வெட்டை முளையில் மாட்டப் போனால் முளையும் ஊதியிருந்தது. அதையும் சீவினேன். வெட்டி முடித்து இரண்டு பலகைகளையும் கோத்தேன். நுழையவில்லை. கையால் அழுத்தினேன். இஞ்சின்காரர் சத்தமில்லாமல் கொட்டாப்புளியை நீட்டினார். தட்டினேன். பாதி இறங்கி, பலகை நெடுகப் பிளந்தது. வேறு பலகை எடுத்தேன். அதுவும் பிளந்தது. முளைக்கும் ரம்பத்துக்கும் நடுவில் இருந்த பலகையே ஊதியிருக்கும்போது மேலே எதைச் சீவி என்ன? பிரித்து, காயவைத்து, முளையை மறுபடி நட வேண்டும். அதற்குக் காலமும் வேண்டும், வெயிலும் வேண்டும். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் திரும்பத் திரும்ப வெட்டினேன்; வேறு என்ன செய்வது என்று தெரியாததால் வெட்டினேன்.

துரை ஏதோ கேட்டார். கிராணியார் என் பக்கம் திரும்பினார்.

"நேற்று முந்தநாள் வரைக்கும் சரியா வந்ததெண்டு சொன்னீர். இண்டைக்கு என்ன நடந்தது எண்டு துரை கேக்கிறார்."

வாசலைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது, வேண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் தண்ணீர் என்று நான் வாயைத் திறந்தால், யார் ஊற்றியது என்று அடுத்த நொடி எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். பட்டறையை மூட வைத்தவள், தன் கையாலேயே தன்னைக் கப்பலேற்றிக்கொண்டவள் என்று லயன் சொல்லும். லயன் சொல்வதைக்கூட விடலாம். அவள் அதை நம்புவாளே, அதற்கு என்ன செய்ய?

"மழைங்க" என்றேன். "மழை ஈரத்துல மரம் ஊதிப்போச்சு."

கிராணியார் எடுத்துச் சொன்னார். துரை கூரையை அண்ணாந்து பார்த்தார். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. வண்டியைத் தொட்டுப் பார்த்து, நல்ல யோசனை என்றுகூடச் சொன்னாராம். பிறகு மெதுவாக நான்கு வார்த்தை பேசினார்.

"மழை பெய்தால் வேலை செய்யாத சாமானை வைச்சுக்கொண்டு ஜொகூரில என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்" என்றார் கிராணியார்.

என் பெரிய தொண்டை அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. கூட்டம் கலைந்தது. இஞ்சின்காரர் வாரைக் கழற்றிவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

மிச்சமிருந்த பலகைகளை ஆணியடித்து முடிக்கச் சில நாள் கொடுத்தார்கள். வண்டியைப் புகைக் கூடத்தின் சுவரோரம் வைத்துக் காயவைத்தேன். காய்ந்தது. முளையை மறுபடி சரியாக நட்டு ஒரு மூலை வெட்டிக் கோத்தேன். சக் என்று உட்கார்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மழையில் ஆபீசுக்கு ஓடினேன். கிராணியார் அதைக் கையில் வாங்கி, கழற்றி, கோத்து, மேசைமேல் வைத்தார்.

"சிங்கப்பூருக்கு எழுதிப் போட்டாச்சு" என்றார்.

"துரைகிட்ட ஒரு தடவை காட்டுங்க ஐயா. இப்ப சரியா இருக்குதுங்க."

"மழையெண்டு நீர்தானே சொன்னீர். மழை இன்னும் நிக்கேல்லையே."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். உண்மைக் காரணம் என் நாக்கு நுனிவரை வந்தது. துரை கையெழுத்துப் போட்ட பிறகு அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று விழுங்கிக்கொண்டு திரும்பினேன். பட்டறையைப் பூட்டியபோது உள்ளே கிடந்த கழிவுக் கட்டைகளையெல்லாம் புகைக் கூடத்து அடுப்புக்கு வாரிப் போட்டார்கள். வண்டியும் அதில் போனது; அதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தடுத்து எடுத்து என்ன செய்வது, அதை வைத்து எந்த ரம்பத்தில் வெட்டுவது?

குடும்பங்களை லாரியில் க்ளுவாங் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து கப்பல். என்னையும் கூட அனுப்பும்படி கங்காணியிடம் கேட்டேன். நீயும் போய்விட்டால் அங்கே மூன்று வயிற்றுக்கு யார் அனுப்புவது என்றார். ஊரில் அவளுக்கு ஒரு சித்தப்பா வீடு இருந்தது. அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்றுகூடத் தெரியாது. ஸ்டேஷனில் அவள் அழவில்லை. கப்பலேற்றாதே என்று என்னிடம் கேட்டதை அவள் ஒரு வார்த்தைகூட நினைவுபடுத்தவில்லை. ரயில் பெட்டிக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்டதையும் பேசினேன். கப்பலில் மேல்தட்டில் படுத்துக்கொள், காற்று வரும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று அதட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"என்மேலதாங்க தப்பு."

யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"குனிய முடியலைன்னு அன்னிக்கு அரைக் குடத்தோட நிறுத்திட்டேன். அரைகுறையா குளிப்பாட்டினா சாமிக்குக் கோவம் வராதா? அடுத்த வருசம் நான் இல்லாட்டியும் நீங்க மறக்காதீங்க. வண்டிக்கு நல்லா நனைய நனைய ஊத்துங்க."

ரயில் நகர ஆரம்பித்தது. அவள் கையை விடாமல் ஜன்னலோடு கூடவே நடந்தேன்.

"ஊத்துவீங்களா?"

"ஊத்துறேன்" என்றேன்.